இன்று என்னைக் கூட்டிப்போக யார் வருவார்கள்?

வாசகி ஒருவர் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது. அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவர் வேலை பார்க்கிறார். காலை ஷிப்ட் ஏழு மணிக்குத் தொடங்குவதால் ஆறரைக்கே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். திரும்பி வர மாலை நாலரை ஆகிவிடும். கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. ஒரே மகளுக்கு ஏழரை வயது. அவள் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தது முதல் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட அக்கா, தன் தாய் படுத்த படுக்கையாகிவிட்டதால் இரண்டே நாளில் சொல்லிக்கொண்டு போய்விட்டார். எழுப்புவது, குளிப்பாட்டுவது, பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவது, மாலையில் அழைத்து வருவது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது.

பள்ளி ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். வாசகி நான்கு வழிகளை யோசித்து வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத் தெருக்களில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தனியார் வேன் ஒன்று. அண்மையில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய பக்கத்து வீட்டுப் பதினெட்டு வயதுப் பையனின் கார் இன்னொன்று. செயலி மூலம் அழைக்கும் வாடகைக் கார் மூன்றாவது. இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டு மகளைத் தனியே நடக்க விடுவது நான்காவது. ஐந்தாவது யோசனை மாமியாருடையது: வேலையை விட்டுவிடு.

"எது பாதுகாப்பு? வேலையை விட மனமில்லாத நான் சுயநலக்காரியா?" என்று கடிதம் முடிகிறது. அதற்குச் சற்று முன்னால் ஒரு வரி. அக்கா போனதிலிருந்து மகள் கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்று என்னைக் கூட்டிப்போக யார் வருவார்கள்?"

அன்புச் சகோதரி,

கடைசியில் நீங்கள் கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் சுயநலக்காரி இல்லை. நான்கரை ஆண்டுகள் நன்றாக நடந்த ஓர் ஏற்பாடு முறிந்துவிட்டது. அதை மறுபடி கட்ட வேண்டும். நடந்திருப்பது அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வண்டியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஆறரைக்குப் புறப்படுகிறீர்கள். வேன் வருவது ஏழே முக்காலுக்கு. இடைப்பட்ட ஒன்றேகால் மணி நேரம் மகள் யாருடன் இருப்பாள்? அதற்குக் கடிதத்தில் கிடைப்பது அரை வரி: "கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள அவளுக்குத் தெரியும்." மாலையிலும் அப்படித்தான். மூன்றேகாலுக்கு வேன் இறக்கிவிடும், நாலரைக்கு நீங்கள் வருவீர்கள். நடுவில் யார் என்று எழுதவில்லை.

குழந்தைகள் நல மருத்துவராக நான் பார்த்தவரை, பள்ளிக்குப் போய்வரும் குழந்தைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் வண்டி ஓடும்போது அல்ல. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அவள் மாறும் இடத்தில்தான் வருகிறது. இவர் விட்டுவிட்டார், அவர் இன்னும் பிடிக்கவில்லை என்கிற அந்த இடைவெளியைத்தான் நாம் மூட வேண்டும். ஆகவே எந்த வண்டி என்று முடிவுசெய்யும் முன் ஒரு தாளை எடுங்கள். காலை ஆறரை முதல் மாலை நாலரை வரை நேரத்தை வரிசையாக எழுதி, ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஒரு பெரியவரின் பெயரை எழுதுங்கள். "பக்கத்து வீட்டில் யாராவது", "பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள்" என்றெல்லாம் எழுதக் கூடாது. ஒரே ஒரு பெயர், அவருடைய தொலைபேசி எண். அந்த நேரத்தில் அவள் தன் பொறுப்பு என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெயர் இல்லாத கட்டம் எதுவோ அதுதான் உங்கள் பிரச்சினை. இப்போதைக்கு அப்படி இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டுமே சாலையில் இல்லை, உங்கள் வீட்டு வாசலில் இருக்கின்றன.

ஏழரை வயதுக் கண்

"என் மகள் வயதுக்கு மீறிய பக்குவம் உள்ளவள், சாலையைப் பார்த்துத்தான் கடப்பாள்" என்கிறீர்கள். அவள் பக்குவத்தை நான் சந்தேகிக்கவில்லை. பேச்சில், பொறுப்பில், பையை அடுக்கி வைப்பதில் அவள் பத்து வயதுப் பெண்ணாகவே இருக்கலாம். ஆனால் வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் பக்குவத்தைச் சேர்ந்தது இல்லை. அது கண்ணும் மூளையும் உடலும் சேர்ந்து வளர்ந்து தேற வேண்டிய ஒன்று. அதற்கென்று ஒரு வயது உண்டு.

லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் நெருங்கி வரும் வண்டியைப் பிள்ளைகளின் கண்ணால் நம்பகமாக உணர முடியவில்லை என்று கண்டார்கள். வண்டி தெரிகிறது. அது நெருங்கி வருகிறது என்பதுதான் தெரிவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், செயற்கைச் சாலைக் காட்சியில் பிள்ளைகளைப் பலமுறை கடக்கச் சொன்னார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் கடந்ததில் 8 சதவீதம் வண்டியில் மோதுவதில் முடிந்தது. எட்டு வயதில் 6 சதவீதம், பன்னிரண்டு வயதில் 2 சதவீதம். பதினான்கு வயதினருக்குத்தான் மோதல் எதுவும் இல்லை. சிறு பிள்ளைகள் "இப்போது போகலாம்" என்று முடிவு செய்த பிறகும் காலை எடுத்து வைக்க ஒரு கணம் தாமதித்தார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அந்த ஒரு கணத்தின் விலை அது.

எனவே நான்காவது வழியை இப்போதைக்கு அடித்துவிடுங்கள். கடிகாரம் அவள் எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குச் சொல்லும். வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அவளுக்குச் சொல்லாது. நீங்கள் பரிசோதனைக் கூடத்தில் கையுறையோடு நிற்கும் நேரத்தில் திரையில் ஒரு புள்ளி நகராமல் நின்றால் உங்களால் என்ன செய்ய முடியும்?

"ஜப்பானில் இந்த வயதுப் பிள்ளைகள் தனியாகப் போகிறார்களே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பல பள்ளிகளில் ஒரே பகுதிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து போகிறார்கள். மூத்த மாணவர் முன்னே நடக்க, முதல் வகுப்புக் குழந்தைகள் தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் தொப்பி அணிந்து நடுவில் நடக்கிறார்கள். கடக்கும் இடங்களில் கொடியோடு பெரியவர்கள் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளை பார்ப்பதற்குத் தனியாகத் தெரிந்தாலும், அதற்குப் பின்னால் ஓர் ஊரே ஒழுங்காக நிற்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி, வாடகைக் கார்

அந்தப் பையன் நல்லவன், உதவும் மனம் உள்ளவன் என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. அவனிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2002-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, பள்ளிப் பயண நேரங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 815 மாணவர்கள் இறந்ததை ஆராய்ந்தது. பாதிக்கும் மேற்பட்ட இறப்புகள் பதின்வயதினர் ஓட்டிய வாகனங்களில் நேர்ந்தவை. ஓட்டியவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம்தான். ஆனாலும் புதிதாகக் கற்ற கை, காலை அவசரம், வண்டியில் இன்னோர் உயிர் என்று மூன்றும் சேர்வது அவனுக்கும் நியாயம் இல்லை. ஏதாவது நடந்தால் அந்தப் பாரத்தை ஆயுள் முழுக்கச் சுமக்கப் போகிறவன் அவனும்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யார் ஓட்டினாலும், "ஐந்து நிமிடம்தானே" என்று முன் இருக்கையில் அமர்த்துவதும் மடியில் வைத்துக்கொள்வதும் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், பெல்ட் போடாத குழந்தை தன் எடையைப் போல் முப்பது மடங்குக்கும் மேலான விசையோடு முன்னே பாயும். உங்கள் மகள் 22 கிலோ என்றால் 660 கிலோவைப் பிடிக்கும் கை வேண்டும். எந்தத் தாய்க்கும் அப்படிப்பட்ட கை கிடையாது. அவள் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். பதின்மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதுவே இடம். உயரம் 135 சென்டிமீட்டரைத் தாண்டும் வரையிலாவது, பல நாடுகளின் விதிப்படி 150 வரை, உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் இருக்கை தேவை. அது இல்லாவிட்டால் பெல்ட்டின் மேல்பட்டை தோளில் படியாமல் கழுத்தை அறுக்கும். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பை விட்டு மெத்தென்ற வயிற்றில் ஏறிவிடும்.

வாடகைக் கார் பெரியவர் ஒருவர் கூடப் போனால் நல்ல வழிதான். தனியாக வேண்டாம். பெரியவர் துணையில்லாத சிறு குழந்தையை ஏற்றிக்கொள்வதைப் பல நிறுவனங்களின் விதிகளே தடுக்கின்றன. விதி ஒருபுறம் இருக்கட்டும். தினமும் ஒரு புதிய முகம் வந்து கதவைத் திறக்க, அதில் ஏறிக்கொள்ளக் குழந்தையைப் பழக்குவது எனக்குச் சற்றும் பிடிக்காத காரியம். தெரியாதவர் வண்டியில் ஏறாதே என்று இத்தனை நாள் சொல்லிவிட்டு, இனி ஏறு என்று சொல்வதாகிவிடும்.

வேன்: ஏற்கலாம், சில கேள்விகளுக்குப் பிறகு

ஆக, மிஞ்சுவது வேன். அது மோசமான வழி இல்லை. சரியாக நடத்தப்படும் பள்ளி வாகனம் எல்லா வழிகளையும்விடப் பாதுகாப்பானது. மேலே சொன்ன அறிக்கையில், 815 இறப்புகளில் பள்ளிப் பேருந்தோடு தொடர்புடையவை 20 மட்டுமே. அந்த 20 பேரில் பேருந்துக்கு உள்ளே இருந்தவர்கள் 5 பேர். மற்ற 15 பேரும் வெளியே, பேருந்தைச் சுற்றி, நடந்துகொண்டிருந்தவர்கள். இந்தக் கணக்கை நான் பல பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியின் இருக்கையைவிட அதன் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மூன்று மீட்டர்தான் கவனிக்க வேண்டிய இடம். ஓட்டுநரின் கண்ணாடியில் ஏழரை வயது உயரம் மறைந்துபோகும் இடம் அது.

ஓட்டுநரைப் பத்து ஆண்டுகளாகத் தெரியும், கேள்வி கேட்டால் அவமரியாதையாக நினைப்பாரே என்று தயங்குகிறீர்கள். நல்ல ஓட்டுநர் அப்படி நினைக்க மாட்டார். தன் வேலையை ஒருவர் மதித்துக் கேட்கிறார் என்று மகிழ்வார். முகம் சுளித்தால் அதுவே உங்களுக்குப் பதில். நேரில் போய், ஒருநாள் காலையில் வேன் நிரம்பியிருக்கும்போது பாருங்கள். "கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் "கொஞ்சம்" எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரு குழந்தைக்கு ஓர் இருக்கை, ஒரு பெல்ட். இரண்டு பேருக்கு நடுவில் ஒருத்தியைச் செருகி உட்கார வைக்கும் வேனில் உங்கள் மகளை ஏற்ற வேண்டாம், ஓட்டுநர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும்.

பிறகு இவற்றைக் கேளுங்கள். ஓட்டுநரைத் தவிர இறங்கி ஏற்றிவிட ஓர் உதவியாளர் இருக்கிறாரா? வேன் எந்தப் பக்கம் நிற்கும், மகள் சாலையைக் கடக்காமல் ஏற முடியுமா? பிள்ளைகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்ல அந்த வண்டிக்கு அனுமதியும் அதற்குரிய காப்பீடும் உள்ளனவா? சொந்த உபயோகத்துக்கென்று காப்பீடு செய்த வண்டியில் கட்டணம் வாங்கி ஏற்றினால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு சிக்கலாகிவிடும். ஆகவே தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார்? வாசலில் பெரியவர் யாரும் இல்லாவிட்டால் இறக்கிவிட்டுப் போய்விடுவாரா, வண்டியிலேயே வைத்திருந்து உங்களை அழைப்பாரா? கடைசிக் கேள்விக்கு "இறக்கிவிடுவேன்" என்பது பதிலானால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு கேள்வி. கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். காலையில் முதலில் ஏறுவது யார், மாலையில் கடைசியாக இறங்குவது யார்? உங்கள் மகள் தினமும் ஒரே ஒரு பெரியவருடன் வண்டியில் தனியாக இருக்கும் நேரம் உண்டா? இருந்தால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள், அல்லது இன்னொரு குழந்தையும் அதே இடத்தில் இறங்கும்படி பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல்களில் பெரும்பாலானவை குழந்தைக்குத் தெரிந்தவர்களால் நடப்பவை. "தெரியாதவர்களிடம் பேசாதே" என்று மட்டும் சொல்லி வளர்ப்பதில் உள்ள ஓட்டை இதுதான். அந்த ஓட்டுநர் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நல்லவர்கள் மீது பழி விழாமல் காப்பதும் இதே ஏற்பாடுதான்.

ஏற்பாடு மாறும் வாரத்தின் ஆபத்து

இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். நீங்கள் எழுதாதது இது. ஆனால் என்னை மிகவும் கவலைப்படுத்துவது.

வெயில் காலத்தில் மூடிய வண்டிக்குள் குழந்தையை மறந்துவிட்டுப் போன செய்தியைப் படிக்கும்போது, எப்படிப்பட்ட பெற்றோர் இவர்கள் என்று நாம் எல்லோருமே பதறுகிறோம். இப்படி மறந்தவர்களில் பலர் அன்பும் கவனமும் நிறைந்த பெற்றோர். அவர்களில் பலருக்கு அன்று வழக்கமான ஏற்பாடு மாறியிருந்தது. வழக்கமாகத் தாய் கொண்டுவிடுவார், அன்று தந்தை. பின் இருக்கையில் குழந்தை தூங்கிவிட்டது. கை தானாக அலுவலகத்தை நோக்கி வண்டியைத் திருப்பியது. நாள்தோறும் செய்யும் வேலையை மூளை யோசிக்காமலே செய்து முடிக்கிறது. புதிதாகச் செருகப்பட்ட வேலையை அது நழுவவிடும். இதே நழுவல் வேன் ஓட்டுநருக்கும் நேரும்: பதினோரு குழந்தைகள் இறங்கினார்கள், பன்னிரண்டாவது குழந்தை கடைசி இருக்கையில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள், இன்றுதான் புதிதாகச் சேர்ந்தவள்.

2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாள்களில் நிறுத்தி வைத்த காரின் உள்வெப்பத்தை அளந்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சூடேறும்.

இதற்குத் தடுப்பு மிக எளியது. பள்ளி அலுவலகத்துக்குப் போய், "முன்கூட்டிச் சொல்லாமல் என் மகள் வகுப்பில் இல்லை என்றால், வகுப்பு தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் எனக்கோ என் கணவருக்கோ அழைத்துச் சொல்லுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பக்கத்தில், விடுப்பு என்றால் தவறாமல் சொல்லிவிடுங்கள். வேன் உதவியாளர் ஒவ்வொரு நடை முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கணவர் கொண்டுவிடும் நாள்களில், விட்டதும் "விட்டேன்" என்ற ஒரு சொல் உங்களுக்கு வரட்டும். எட்டே முக்காலுக்குள் வரவில்லை என்றால் நீங்கள் அழையுங்கள். இது சந்தேகம் இல்லை, சகோதரி. விமானி தன் பட்டியலைத் தினமும் வாய்விட்டுப் படிப்பதைப் போன்றது.

பள்ளியிடம் இன்னும் இரண்டு விஷயம் பேசுங்கள். ஒன்று, மகளை அழைத்துப் போக அனுமதி உள்ளவர்களின் பெயர்ப் பட்டியல், புகைப்படத்தோடு. அக்காவின் பெயர் இன்னும் அதில் இருக்கும். அன்பு குறையாமலே எடுத்துவிடுங்கள். தொலைபேசியில் யார் சொன்னாலும், உங்கள் குரலில் யாரோ சொன்னாலும், பட்டியலில் இல்லாதவரிடம் அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு, வகுப்புக்கு முன்பும் பின்பும் பிள்ளைகளை இருக்கவிடும் அறையோ நூலகமோ உண்டா என்று கேளுங்கள். மாலை நாலரை வரை அங்கேயே உட்கார இடம் கிடைத்தால் உங்கள் தாளில் உள்ள வெற்றுக் கட்டங்களில் ஒன்று அன்றே நிரம்பிவிடும்.

அந்த ஒன்றேகால் மணி நேரம்

காலை இடைவெளிக்கு நான் சொல்லும் யோசனை, மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு. நடக்கும் தூரத்தில் யாராவது இருந்தால், ஆறரைக்கு மகளை அங்கே விட்டுவிட்டு நீங்கள் வேலைக்குப் போகலாம். இரு குழந்தைகளும் சேர்ந்தே வேன் ஏறலாம், அல்லது அந்தத் தாயோடு நடந்தே போகலாம். இலவச உதவியாகக் கேட்க உங்களுக்கு மனம் வராது, வரவும் வேண்டாம். பதிலுக்குச் சனிக்கிழமை பிற்பகல் இரு பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு மூன்றாம் மாதத்தில் முகச்சுளிப்பில் முடியும். முறை வைத்துக்கொண்டால் நீடிக்கும்.

நான்கைந்து வீடுகள் சேர்ந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளை வரிசையாக வீடு வீடாகச் சேர்த்துக்கொண்டு பெரியவர்கள் இருவர் முறைவைத்து நடத்திச் செல்லும் வழக்கம் 1990-களில் ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட்டின் யோசனையாகத் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. "நடைப் பேருந்து" என்று அதை அழைக்கலாம்: நிறுத்தங்கள் உண்டு, நேரம் உண்டு, சக்கரம் மட்டும் இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் என்பது ஏழரை வயதுக் கால்களுக்கு அரை மணி நேரத்துக்குள் முடிகிற நடை. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் அந்தப் பெரிய சாலையைக் கடந்தால், வண்டி வருவதை எப்படிப் பார்ப்பது என்று அவள் கற்றும் கொள்வாள்.

இவை எதுவும் திங்கட்கிழமைக்குள் அமையாது. ஆகவே முதல் இரண்டு வாரத்துக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள். நீங்களும் கணவரும் விடுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அல்லது ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்தில் செய்த தற்காலிக ஏற்பாடு, யாரும் முடிவுசெய்யாமலே நிரந்தரம் ஆகிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது.

வேலையும் மாமியாரும்

மேலதிகாரியிடம் கேட்பதைக் "கையேந்துவது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பராமரிப்பு வசதிகளின் பயன் கிடைக்க அரசுகள் எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 156-ஆம் உடன்படிக்கை, 1981-இல் வந்தது, குடும்பப் பொறுப்பு இருக்கிறது என்பதே ஒருவரை வேலைநீக்கம் செய்யத் தகுந்த காரணமாகாது என்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே அதைச் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. எனவே உங்கள் பணி ஒப்பந்தத்தையும் உள்ளூர்த் தொழிலாளர் விதிகளையும் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். கேட்கும்போது "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஆறு வாரத்துக்கு எனக்கு ஒன்பது மணி ஷிப்ட் தேவை, அதற்குள் புதிய ஏற்பாடு அமைந்துவிடும், பதிலுக்கு வார இறுதி முறையில் இரண்டை ஏற்கிறேன்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். முடிவுத் தேதி உள்ள கோரிக்கைக்கு அதிகாரிகள் எளிதில் இணங்குவார்கள். கணவரும் தன் அலுவலகத்தில் இதே போல் எழுதிக் கொடுக்கட்டும். கடிதம் முழுவதும் ஏற்பாட்டைச் செய்பவர் நீங்கள் ஒருவரே. அவள் அப்பாவின் மகளும்தான்.

மாமியார் மீது கோபம் வேண்டாம். பேத்தி மீதுள்ள பயம்தான் அப்படிப் பேசவைக்கிறது என்று நினைக்கிறேன். முடிந்தால் ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லுங்கள். வேலையை விடுவது உங்கள் விருப்பமானால் அதுவும் நல்ல முடிவே. ஆனால் பதற்றத்தில் இருக்கும் வாரத்தில் அதை எடுக்காதீர்கள். இரண்டு மாதத்தில் ஏற்பாடு அமைந்துவிடும். விட்ட வேலை திரும்பக் கிடைக்க இரண்டு ஆண்டு ஆகலாம்.

மகளிடம்

அவள் கேள்விக்கு வருவோம். "யார் வருவார்கள்" என்று தினமும் கேட்கும் குழந்தைக்கு, அக்கா ஏன் வரவில்லை என்பது சரியாகப் புரிந்திருக்காது. தான் ஏதோ தவறு செய்ததால் போய்விட்டார் என்றுகூட நினைத்துக்கொள்ளும் வயது இது. இதே போன்ற நேரத்தில் ஒரு சிறுமியை வயிற்றுவலி என்று என்னிடம் கூட்டிவந்தார்கள். பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வலி. நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போதும் தண்ணீர்ப் பாட்டிலின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள், விரல் நுனி வெளுக்கும் வரை. வயிற்றில் ஒன்றும் இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டவர் சொல்லாமலே போயிருந்தார். உங்கள் அக்கா சொல்லிக்கொண்டு போனவர், அது நல்லது. வாரம் ஒருமுறை தொலைபேசியில் இருவரையும் பேச வையுங்கள். அவர் அம்மா எப்படி இருக்கிறார் என்று மகளே கேட்கட்டும்.

அவளுக்குச் சொல்ல வேண்டியவை நான்கு, அதற்கு மேல் வேண்டாம். வேன் வராவிட்டால் தோழியின் வீட்டுக்குள்ளேயே இரு, நடக்கத் தொடங்காதே. பள்ளி முடிந்து யாரும் வராவிட்டால் வாயிலுக்கு வெளியே வந்து தேடாதே, ஆசிரியர் பக்கத்திலேயே நில், எவ்வளவு நேரமானாலும் அம்மா வருவேன். திட்டம் மாறியது என்று யார் சொன்னாலும், தெரிந்தவரே சொன்னாலும், நாம் இருவர் மட்டும் அறிந்த அந்த ரகசியச் சொல்லைக் கேள். வண்டியில் யாராவது உனக்குப் பிடிக்காததைச் செய்தால், "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொன்னால், அன்றே என்னிடம் சொல். நான் உன்னைத் திட்ட மாட்டேன். ரகசியச் சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அவளுக்குப் பிடித்த பூனையின் பெயராகக்கூட இருக்கலாம், ஊருக்கெல்லாம் தெரியாத பெயராக இருந்தால் போதும்.

இரவு படுக்கும் முன் மறுநாளுக்கான பெயர்களை அவளே ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டட்டும்: காலை யார், வேனில் யார், மாலை யார். கண் விழித்ததும் கேட்பதற்குப் பதில் கதவைப் பார்ப்பாள். பதில் தெரியாத நாளில் பொய்ப் பெயரை எழுத வேண்டாம். "அம்மாவே" என்று எழுதி, அன்று விடுப்பு எடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, அவசரம் இல்லாத நேரத்தில், இருவரும் தோழி வீட்டிலிருந்து வேன் நிற்கும் இடம் வரை நடந்து பாருங்கள். எங்கே நிற்க வேண்டும், வண்டி முழுதாக நின்ற பிறகு எத்தனை எட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று அவளையே உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவள் எங்கே தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாளோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அங்கே ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.